ஸ்டெப்-த்ரூ ஃபிரேம் என்று எதைச் சொல்வது? லூப், மிக்ஸ்த், சரிந்த டாப் டியூப் எல்லாம் ஒன்றுதானா?

#1 ஆரக்கால்

விற்பனைப் பட்டியல்களில் "ஸ்டெப்-த்ரூ" என்ற ஒரே பெயரில் நான்கைந்து வகை ஃபிரேம்களைப் போட்டுவிடுகிறார்கள். டாப் டியூப் (ஹேண்டில் பக்கமிருந்து சீட்டுக்கு வரும் மேல்குழாய்) கொஞ்சம் சரிந்திருந்தாலே போதும், அதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்தவர், முழங்கால் மடங்காதவர், கேரியரில் குழந்தை இருக்கை மாட்டியிருப்பவர் எல்லாரும் அந்தப் பெயரை நம்பித்தான் வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு காலைத் தூக்க முடியாமல் நிற்கிறார்கள். "லேடீஸ் சைக்கிள்" என்ற பழைய பெயர் இதைவிட மோசம். அது ஓட்டுபவரைப் பற்றிய பெயர். ஃபிரேமைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

அதனால் ஒரு வரையறையை முன்வைக்கிறேன், அடித்துத் திருத்துங்கள்: சீட்டுக்கு முன்னால், ஹெட் டியூபுக்கும் (ஹேண்டில் தண்டு நுழையும் முன்குழாய்) சீட் டியூபுக்கும் (சீட்டைத் தாங்கும் குழாய்) நடுவே காலை நுழைத்து ஏறக்கூடிய ஃபிரேம். அந்த வழியில் கால் தாண்ட வேண்டிய உயரம் ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேல் போகக்கூடாது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது 45 முதல் 55 செ.மீ.க்குள் வரும்.

#2 பித்தளைப்பற்று

முதல் திருத்தம். டயமண்ட் ஃபிரேமில், அதாவது மேலே குறுக்குப் பார் உள்ள வழக்கமான ஃபிரேமில், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப்பெடல் அடிப்பதும் "காலை நுழைப்பது"தான். உங்கள் வாசகத்தின்படி அதுவும் ஸ்டெப்-த்ரூ ஆகிவிடும். "மேல்பக்கம் தடை இல்லாமல்" என்று சேர்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, உயரத்தை மட்டும் வைத்து வகை பிரித்தால் ஃபிரேம் செய்கிறவருக்குப் பயன் இல்லை. குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டும்.

ஒற்றைக் குழாய் வகையில் ஹெட் டியூபிலிருந்து பெடல் அச்சு வரை தடித்த ஒரே குழாய்தான், மேலே எதுவும் கிடையாது. நேராகவும் இருக்கலாம், அன்னத்தின் கழுத்துபோல் வளைந்தும் இருக்கலாம். நெதர்லாந்தின் "ஓமாஃபீட்ஸ்", அதாவது பாட்டி சைக்கிள், இந்த உருவத்தில் நிறைய உண்டு. இரட்டை இணைக்குழாய் வகையில் டவுன் டியூபுக்கு (ஹெட் டியூபிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் கீழ்க்குழாய்) மேலே 10, 15 செ.மீ. இடைவெளியில் இன்னொரு நேர்க்குழாய் இறங்கி, சீட் டியூபின் அடிப்பாகத்தில் சேரும். லூப் வகையில் அந்த மேல்குழாய் டவுன் டியூபை ஒட்டியே இறங்கி, கடைசியில் மேலே வளைந்து சீட் டியூபைப் பிடிக்கும். ட்ரபீஸ் வகையில் மேல்குழாய் நேராகச் சரிந்து சீட் டியூபின் நடுப்பகுதியில் சேரும்.

மிக்ஸ்த் தனி ஜாதி. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் "கலந்தது" என்று பொருள், இருபாலருக்கும் ஆனது என்ற கருத்தில் வைத்த பெயர். ஹெட் டியூபிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள், சுமார் 14 முதல் 16 மி.மீ. தடிமனில், சீட் டியூபின் இரு பக்கமும் உரசிக்கொண்டு போய் நேராகப் பின்சக்கர அச்சுப் பிடியில் முடியும். அந்தப் பிடியில் ஒவ்வொரு பக்கமும் பெடல் அச்சிலிருந்து வரும் செயின் ஸ்டே, சீட்டுக்கு அடியிலிருந்து வரும் சீட் ஸ்டே, இந்தக் குழாய் என்று மூன்று வந்து சேர்வதுதான் மிக்ஸ்தின் அடையாளம். ஒரே தடித்த குழாய் சரிந்து வந்து சீட் டியூபோடு நின்றுவிட்டால், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அது மிக்ஸ்த் இல்லை.

#3 ஆரக்கால்

குரங்குப்பெடல் விஷயம் நியாயம், "மேல்பக்கம் தடை இல்லாமல்" சேர்த்தாயிற்று. ஆனால் மிக்ஸ்தில் கால் தாண்டும் உயரம் பெரும்பாலும் 60 செ.மீ.யைத் தொடுகிறதே. அது ஸ்டெப்-த்ரூவா இல்லையா?

#4 பித்தளைப்பற்று

குழாய் அமைப்பால் ஸ்டெப்-த்ரூ குடும்பம்தான். உங்கள் முழங்கால் அளவுகோலில் பலருக்குத் தேறாது. இரண்டும் உண்மை. ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்கப் பார்ப்பதுதான் சிக்கல்.

#5 நெம்புகோல்

பெயருக்கு அடியில் பாரம் எப்படிப் போகிறது என்று பார்த்தால்தான் இந்த வகைகள் ஏன் பிறந்தன என்பது புரியும்.

டயமண்ட் ஃபிரேமில் ஹெட் டியூபை மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு குழாய்கள் பிடிக்கின்றன. முன்சக்கரம் தரும் நெம்பு விசையை அவை இழுவையாகவும் அழுத்தமாகவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. குழாய் வளைய வேண்டிய வேலை ரொம்பக் குறைவு. மேல்குழாயை எடுத்துவிட்டால் அதே நெம்பு முழுவதும் டவுன் டியூபில் வளைவாக இறங்கும். குழாய்க்கு இழுவையைத் தாங்குவது சுலபம், வளைவைத் தாங்குவதுதான் பாடு.

கணக்கு இதோ. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. முன்பிரேக் புவியீர்ப்பில் பாதி அளவு வேகத்தைக் குறைக்கிறது என்றால் தரையில் 441 நியூட்டன். அங்கிருந்து ஹெட் டியூப் நடுப்பகுதி வரை 0.8 மீட்டர். ஆக 353 நியூட்டன் மீட்டர். 38 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. தடிப்பு உள்ள ஒற்றை எஃகுக் குழாயில் இது சுமார் 220 மெகாபாஸ்கல் தகைவை, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்ற விசையை, தரும். சாதாரண மென் எஃகு 250 வாக்கில் நிரந்தரமாக வளைந்துவிடும். ஒவ்வொரு பிரேக்குக்கும் இந்த ஓரத்தில் போய் நிற்பது ஆபத்து.

#6 சமன்கோடு

நெம்புகோல், கணக்கில் ஒரு விசை விட்டுப்போயிற்று. பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தில் பாரம் ஏறுகிறது, தரை அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளு உங்கள் நெம்புக்கு எதிர்த்திசை. சக்கர இடைவெளி 1.1 மீட்டர், பார மையம் 1.05 மீட்டர் உயரம் என்று வைத்தால் முன்சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 750 நியூட்டன் வரும். முன் அச்சு ஹெட் டியூப் நடுவிலிருந்து 0.23 மீட்டர் முன்னால் இருக்கிறது. 750 × 0.23 = 173. கழித்தால் மிஞ்சுவது 180 நியூட்டன் மீட்டர். அதே 38 மி.மீ. குழாயில் சுமார் 113 மெகாபாஸ்கல்தான் ஆகிறது.

ஆனால் கவலை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பிரேக் பிடிக்காமல் ஓடும்போது முன்சக்கரத்தில் சுமார் 335 நியூட்டன், அது 77 நியூட்டன் மீட்டராக எதிர்ப்பக்கம் வளைக்கிறது. குழியில் இறங்கினால் இதுவே பல மடங்கு. ஆக, டவுன் டியூபின் அடிப்பக்கம் ஓட்டத்தில் இழுபடுகிறது, பிரேக்கில் நசுங்குகிறது, மறுபடி இழுபடுகிறது. இப்படித் திசை மாறி மாறி வருவதுதான் உலோகத்தைக் களைக்க வைக்கும். ஒற்றைக் குழாய் ஃபிரேம் ஒரே அடியில் ஒடிவதைவிட, வருடக்கணக்கில் இப்படிக் களைத்து ஹெட் டியூபுக்குப் பின்னால் அடிப்பக்கம் விரிசல் விடுவதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

#7 நெம்புகோல்

சரிதான், 180 என்றே எடுத்துக்கொள்வோம், 353ஐ விட்டுவிடுங்கள். டயமண்ட் ஃபிரேமில் அதே 180ஐப் பத்து செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு குழாய்கள் பிடித்தால் ஒவ்வொன்றிலும் 1,800 நியூட்டன். 28.6 × 1 மி.மீ. குழாயில் 21 மெகாபாஸ்கல். ஐந்தில் ஒரு பங்கு.

முறுக்கு வேறு கதை. வட்டக் குழாயின் முறுக்கு விறைப்பு, தடிப்பு மாறாவிட்டால், விட்டத்தின் மும்மடியில் ஏறுகிறது. 28.6 × 1 குழாய்க்குப் பதில் 50.8 × 1.5 போட்டால் விறைப்பு எட்டரை மடங்கு, எடை 2.7 மடங்கு. இரண்டு குழாய்களை எடுத்துவிட்டு ஒன்றைப் போடுவதால் முன்பாதியின் எடை கூடுவது மூன்றில் ஒரு பங்குதான். தடித்த ஒற்றைக் குழாய்தான் நேர்மையான விடை என்பது என் கருத்து. அதற்காகத் தடிப்பைக் குறைத்து விட்டத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. விட்டம் தடிப்பைப்போல் 50 மடங்கைத் தாண்டினால் குழாய் தகர டப்பாபோல் நசுங்க ஆரம்பிக்கும்.

லூப் ஃபிரேமின் மேல்குழாய் கண்ணுக்கு அழகு. ஆனால் வளைந்த குழாய் நேர்விசையை நேராகக் கடத்தாது. வளைவின் ஆழம் 8 செ.மீ. என்றால் 1,000 நியூட்டன் விசை அங்கே 80 நியூட்டன் மீட்டர் வளைவாக மாறிவிடும். லூப்புக்கும் டவுன் டியூபுக்கும் நடுவே குட்டையான இணைப்புத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் இரண்டு குழாய்களும் சேர்ந்து வேலை செய்யும்.

#8 செயின்கவர்

உயரம் அளக்கும் முறையைப் பற்றி யாரும் பேசவில்லை. டயரில் சரியான காற்று இருக்க வேண்டும். சைக்கிளை நேராக நிறுத்திக்கொண்டு, சீட் டியூபிலிருந்து முன்னால் ஒரு கால் போகும் அகலத்துக்குள், தரையிலிருந்து குழாயின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். மிகத் தாழ்ந்த ஒரு புள்ளியை மட்டும் அளந்தால் ஏமாற்று. லூப் ஃபிரேமில் தாழ்ந்த புள்ளி 40 செ.மீ. காட்டும். ஆனால் கால் அங்கே மட்டும் போவதில்லை, வளைவு மேலே ஏறும் இடத்தில் செருப்பு தட்டும். ஷூவோடு பாதம் 28, 30 செ.மீ. நீளம். அந்த நீளம் முழுவதும் தாண்டும் உயரத்தைத்தான் எழுத வேண்டும்.

கீழ் வரம்பும் உண்டு. பெடல் அச்சின் மையம் தரையிலிருந்து 27 முதல் 30 செ.மீ. அதைவிடத் தாழ்த்தினால் வளைவில் சாயும்போது பெடல் தரையில் இடிக்கும். அச்சுக்கூடு 4 செ.மீ. குழாய், அதன் மேல் டவுன் டியூபின் தடிமன். ஆக 35 செ.மீ.க்குக் கீழே இறக்குவது கடினம். "25 செ.மீ. உயரம்தான்" என்று யாராவது எழுதினால் எந்த இடத்தை அளந்தார்கள் என்று கேளுங்கள்.

குழாய் தவிர்த்துக் கால் வழியில் வருபவை: முழு செயின் கவர், டைனமோ ஒயர், சீட் டியூபில் கட்டிய பூட்டு, ஹேண்டிலில் தொங்கும் கூடை. திறப்பின் அகலமும் முக்கியம். முழங்கால் உயரத்தில் சீட் டியூபுக்கும் ஸ்டியரிங் குழாய்க்கும் நடுவே 40 செ.மீ.யாவது இல்லாவிட்டால் முழங்கால் மடங்காதவர் நுழையவே முடியாது. குட்டை ஃபிரேமில் இது சட்டென்று குறையும்.

#9 ஆரக்கால்

அருமை. பாதத்தின் நீளம் முழுவதும் என்ற நிபந்தனையை எடுத்துக்கொள்கிறேன்.

இந்த ஃபிரேம் டயமண்டிலிருந்து வெட்டியெடுத்த "பெண்கள் மாற்று" என்று பலர் நினைப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். டெனிஸ் ஜான்சன் 1819இல் லண்டனில், பெடலே இல்லாத, காலால் தரையை உந்தி ஓட்டும் மரவண்டிக்குத் தாழ்ந்த உடல் உள்ள வடிவம் ஒன்றைப் பெண்களின் நீள் பாவாடைக்காகச் செய்தார். செயினால் பின்சக்கரம் ஓடும் ரோவர் சைக்கிள் வந்தது 1885இல். டயமண்ட் உருவம் நிலைபெற்றது அதற்கும் பிறகு. அலெக்ஸ் மோல்ட்டன் 1962இல் சிறு சக்கரமும் எஃப் எழுத்து உருவமும் உள்ள திறந்த ஃபிரேமை எல்லாருக்கும் ஒரே ஃபிரேம் என்றே வெளியிட்டார். தாழ்ந்த ஃபிரேமை ஒரு பாலினத்தோடு கட்டிப்போட்டது பழக்கம்தான். இயந்திரவியலில் அதற்கு இடமே இல்லை.

#10 தேய்ந்த பிரேக்கட்டை

ஒரு சந்தேகம். ஸ்டெப்-த்ரூ ஃபிரேம், கேரியரில் 15 கிலோ வைத்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஹேண்டில் தானாக இட வலமாக ஆடுகிறது. ஒரு கையை எடுத்தால் இன்னும் அதிகம். ஃபிரேம் கோளாறா?

#11 சமன்கோடு

ஃபிரேம் முறுக்கும் கேரியர் பாரமும் சேர்ந்து வரும் நடுக்கம். பின்பாரம் ஒரு பக்கம் சாய, முன்பாதி மறுபக்கம் முறுகி, திரும்பி வரும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அந்த ஊசல் அடங்காமல் ஆட்டம் வளர்கிறது.

ஃபிரேமைக் குறை சொல்வதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள், ஹெட் டியூபில் விரலை வைத்தால் ஹெட்செட் (ஹேண்டில் தண்டின் பேரிங்) ஆட்டம் தெரியும். சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்து ஹப் கோன் (சக்கர அச்சின் பேரிங்கைப் பிடிக்கும் நட்டு) தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ரிம் கோணல், டயர் காற்று, பிறகு கேரியரின் நான்கு போல்ட்டுகள். கேரியர் தளர்ந்திருப்பது ஒன்றாலேயே இந்த நடுக்கம் வருவதும் உண்டு. இவை எல்லாம் சரி என்றால் பாரத்தைக் கேரியரின் மேலிருந்து இறக்கி, இரு பக்கப் பைகளில், பின் அச்சுக்கு முன்னால் வருமாறு வையுங்கள். கொஞ்சம் முன்பக்கம் மாற்றினாலும் நல்லது, ஆனால் ஃபிரேமோடு பிணைத்த முன்கேரியராக இருக்க வேண்டும், ஹேண்டிலில் தொங்கவிடக் கூடாது.

ஓட்டத்தில் நடுக்கம் வந்துவிட்டால் டயமண்ட் ஃபிரேமில் இரு முழங்காலாலும் டாப் டியூபை நெருக்கச் சொல்வார்கள். ஸ்டெப்-த்ரூவில் நெருக்க அங்கே எதுவும் இல்லை. அதனால் எடையைச் சீட்டிலிருந்து பெடலுக்கு மாற்றிச் சற்றே எழும்புங்கள், இரு கையாலும் ஹேண்டிலை மென்மையாகப் பிடியுங்கள், பின்பிரேக்கால் மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் அதிகமாகும்.

#12 பித்தளைப்பற்று

பழைய ஃபிரேம் வாங்குபவர்களுக்கு: இணைக்குழாய், லூப், ட்ரபீஸ் மூன்றிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் மேல்குழாய் சீட் டியூபில் சேரும் மூட்டு. டயமண்டில் அந்தக் குழாய் சீட் ஸ்டேக்களுக்கு நேர் எதிரே வந்து முட்டும், விசை ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிடும். இங்கே அது சீட் டியூபின் வெறும் வயிற்றில் குத்துகிறது, பின்பக்கம் தாங்க ஒன்றுமில்லை. மிக்ஸ்த் அந்த விசையைப் பின் அச்சு வரை கொண்டுபோவது இதற்காகத்தான்.

அந்த மூட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெயின்ட்டில் தலைமுடி அளவு கோடு, அதன் ஓரத்தில் துருவின் செம்பழுப்பு நிறம் இருந்தால் நகத்தை அதன் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் உலோகத்திலேயே விரிசல் இருக்கலாம். உறுதி செய்ய மண்ணெண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள், துணியால் முற்றிலும் உலரத் துடையுங்கள், சாக்குக்கட்டியைப் பொடியாகத் தேயுங்கள். பிறகு ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சில தடவை எழும்பி அமரட்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாக வரும். கோடு பெயின்ட்டோடு நின்றிருந்தால் பொடி வெள்ளையாகவே இருக்கும்.

எஃகு ஃபிரேம் என்றால் விரிசலின் முனையில் 2, 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, மேலே ஒட்டுத்தகடு வைத்துப் பித்தளைப் பற்றவைப்பு செய்யலாம். அலுமினியத்தை அப்படித் தொடாதீர்கள். 6061 என்ற அலுமினியக் கலவையில் பற்றவைத்த இடத்தைச் சுற்றி வலு சரிந்துவிடும், மறுபடி முழு ஃபிரேமையும் வெப்பப் பதப்படுத்தினால்தான் திரும்ப வரும். தவிர, எஃகுக்கு ஒரு தகைவு எல்லைக்குள் களைப்பே வராது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. விரிசல் விட்ட அலுமினிய ஃபிரேமை ஓட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

#13 சமன்கோடு

கோணல் பார்க்கிற நூல் சோதனையையும் சேர்த்துக்கொள்கிறேன். பின் அச்சுப் பிடி ஒன்றில் நூலைக் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறு பிடிக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் டியூபின் இரு பக்கமும் நூல் வரை உள்ள இடைவெளியை அளந்தால் வித்தியாசம் 1, 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மிக்ஸ்தில் இது நேராக நடக்காது, ஏனென்றால் நூல் போகவேண்டிய பாதையிலேயே அந்த இரட்டைக் குழாய்கள் கிடக்கின்றன. நூலை ஹெட் டியூபின் மேல் நுனியில் சுற்றி, குழாயில் உரசாமல் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உரசினால் அந்த அளவை நம்பாதீர்கள்.

நூல் முறுக்கைக் காட்டாது. முன்னால் நின்று ஒரு கண்ணை மூடி, ஹெட் டியூபின் ஓரத்தையும் சீட் டியூபின் ஓரத்தையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பாருங்கள். மேலே ஒட்டிக் கீழே விலகினால் ஃபிரேம் முறுகியிருக்கிறது. ஒற்றைக் குழாய் ஃபிரேமில் இதுதான் அதிகம் எதிர்பார்க்க வேண்டிய கோளாறு.

#14 செயின்கவர்

பின்பிரேக் கேபிளை மறந்துவிடாதீர்கள். குழாயோடு தாழ இறங்கி மறுபடி ஏறுவதால் உறையின் அடிவளைவில் தண்ணீர் தேங்கி உள்கம்பி துருப்பிடிக்கும், பிரேக் இழுத்தால் திரும்பி வராது. உறையை அடிவளைவுக்கு முன்பே ஒரு நிறுத்தியில் முடித்து, தாழ்ந்த பகுதியில் வெறும் கம்பியை ஓட விடுவது நல்லது. அதற்கு வசதி இல்லாத ஃபிரேமில் உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள உறையும் துருப்பிடிக்காத கம்பியும் போடுங்கள்.

உயரமானவர்கள் சீட் போஸ்ட்டை எவ்வளவு ஏற்றினாலும் அதில் குறித்த கோடு வெளியே தெரியக் கூடாது. அதோடு போஸ்ட்டின் அடிமுனை சீட் ஸ்டே சேரும் இடத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த ஃபிரேமில் சீட் டியூபின் மேல்பகுதியை முன்னாலிருந்து பிடிக்க ஒரு குழாயும் இல்லை.

#15 நெம்புகோல்

மின்சைக்கிள் ஃபிரேம்களில் தடித்த டவுன் டியூபுக்குள்ளேயே பேட்டரியை வைக்கிறார்கள். தடிமன் கிடைப்பது நல்லது. ஆனால் பேட்டரியைக் கழற்ற குழாயை நீளவாக்கில் திறந்துவிட்டால் முறுக்கு விறைப்பு போய்விடும். 70 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிப்பு உள்ள குழாயை நெடுகப் பிளந்தால் முறுக்கு விறைப்பு 800இல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். உண்மையில் முழு நீளமும் பிளப்பதில்லை, திறப்பின் இரு முனையும் மூடிய குழாயாக நிற்கிறது. அதனால் இழப்பு அவ்வளவு வராது, ஆனால் திறப்பின் மூலைகளில் தகைவு குவியும். மூலைகள் வட்டமாக இருக்கின்றனவா, ஓரத்தில் உள்மடிப்போ தடித்த விளிம்போ இருக்கிறதா என்று பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கூர்மூலையாக வெட்டியிருந்தால் நான் அதை எடுக்க மாட்டேன். ஒரு முனையிலிருந்து பேட்டரியைச் செருகி எடுக்கும்படி குழாயை மூடியே விட்ட அமைப்பு இருந்தால் அதுவே மேல்.

#16 ஆரக்கால்

திருத்திய வரையறை:

சீட்டுக்கு முன்னால், மேல்பக்கம் தடை இல்லாமல் கால் போகும் ஃபிரேம் ஸ்டெப்-த்ரூ குடும்பம். அந்தப் பெயரோடு இரண்டு விவரங்களும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்று, குழாய் அமைப்பின் பெயர்: ஒற்றைக் குழாய், இணைக்குழாய், லூப், ட்ரபீஸ், மிக்ஸ்த். இன்னொன்று, பாதத்தின் நீளம் முழுவதும் தாண்ட வேண்டிய உயரம், செ.மீ.யில்.

#17 பித்தளைப்பற்று

சரிந்த டாப் டியூப் உள்ள டயமண்ட்?

#18 ஆரக்கால்

மேல்குழாய் சீட் ஸ்டே சேரும் இடத்தை ஒட்டி முடிந்தால் டயமண்ட்தான், எவ்வளவு சரிந்திருந்தாலும். சீட் டியூபின் நடுப்பகுதியில் முடிந்தால் ட்ரபீஸ்.

#19 பித்தளைப்பற்று

ஒப்புக்கொள்கிறேன். உயரத்தை எழுதும்போது எந்த டயர் என்றும் எழுதுங்கள். 32 மி.மீ. டயரைக் கழற்றி 50 மி.மீ. போட்டால் அந்த எண் ஏறக்குறைய 2 செ.மீ. கூடிவிடும்.